ஆகப்போகிற உடம்புக்குத் தைத்த ரவிக்கை

மனசு வைத்தால் உடம்பு தானாக வழிக்கு வரும் என்று எழுதுகிறவர்கள் யாரும் தையல்காரரிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்தவர்களாக இருக்க முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு கட்டுரையை ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். அச்சில் வந்த எதையும் நம்புகிற வயது எனக்கு.

அதைத் தேடிப் படிக்க வைத்தவர், செங்கல்பட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த பிள்ளையின் தாயார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே (அவர் என்னைவிட ஒரு சுற்று பெருத்தவர், அதை யாரும் சொல்லவில்லை) தீர்ப்புச் சொன்னார்.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. கொஞ்சம் எளைச்சா ஜோடி பொருந்தும். நிச்சயத்துக்குத்தான் ரெண்டு மாசம் இருக்குதேமா.”

அம்மா தலையாட்டினாள். அப்பாவும் ஆட்டினார். பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம். அந்த இடம் கைநழுவக் கூடாது என்பது அவர் கவலை. என் கவலையும் அதுதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

மறுநாளே தீர்மானம். விடியற்காலையில் திருப்பருத்திக்குன்றம் வரை நடை, மாடியில் கயிறு தாண்டல், ராத்திரிக்கு மோர் மட்டும். கண்ணாடி முன் நின்று ‘நான் மெலிந்துவிட்டேன்’ என்று தினமும் சொல்ல வேண்டும் என்றது கட்டுரை. இதை மட்டும் நான் ஒரு நாளும் தவறவிடவில்லை. நடந்து திரும்பும் வழியில் ஓர் இட்லிக் கடை இருந்தது. மெலிந்துவிட்டவள் இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டால் என்ன வந்துவிடப் போகிறது?

நிச்சயத்துக்கு அப்பா தம் தறியிலேயே புடவை நெய்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. ரவிக்கைத் துணியும் அதன் முடிவில் சேர்த்தே நெய்தது. வெட்டினால் வெட்டியதுதான், அதே நிறத்தில் இன்னொரு துண்டு ஊரில் கிடைக்காது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. இருக்கிற உடம்புக்குத் தைத்தால் மனசு அதோடு திருப்திப்பட்டுவிடும். ஆகப்போகிற உடம்புக்குத் தைத்துவிட்டால்? பக்கத்து வீட்டு ஒல்லிப் பெண்ணின் ரவிக்கையை அளவுக்கு வாங்கிக்கொண்டு போனேன். தையல்கார பாய் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது உனக்காமா?”

“ஆமா பாய். எளைக்கப் போறேன்.”

“அப்ப உள்ள ரெண்டு வெரல் துணி வுட்டுத் தைக்கிறேன். பத்தலன்னா பிரிச்சிக்கலாம்.”

“வேணாம், வெட்டிடுங்க. உள்ள துணி இருக்குதுன்னு தெரிஞ்சா மனசு சோம்பேறி ஆயிடும்.”

அவர் கத்தரியை எடுத்தார். பிறகு, பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற முகத்தோடு வெட்டிவிட்டார்.

நிச்சயத்தன்று அம்மா என்னை அதற்குள் திணித்து, கடைசிக் கொக்கியைப் போட்டுவிட்டு மிரண்டு போனாள்.

“மூச்சு விடாதடி.”

“எவ்ளோ நேரம்மா?”

“அவங்க கெளம்பற வரைக்கும்.”

தட்டு மாற்றும் வரை எப்படியோ தாக்குப்பிடித்தேன். “மாமியாருக்கு நமஸ்காரம் பண்ணும்மா” என்றார் யாரோ. மண்டியிட்டு, குனிந்து, நெற்றி தரையில் படும்போது முதுகில் கேட்டது, ரவிக்கை கிழிகிற சத்தம். கூடத்து இரைச்சலில் அது என் காதுக்கு மட்டும்தான் கேட்டது. முந்தானை மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எழுந்தால் மிச்சமும் போய்விடும். அப்படியே கிடந்தேன்.

“எவ்ளோ பணிவு பாரு! நல்லா இரு, எழுந்துக்கம்மா.”

எழவில்லை. மறுபடியும் ஆசீர்வதித்தார். அதற்கும் எழவில்லை. மாமியார் இப்படியொரு மருமகளா என்று நெகிழ்ந்து, தாமே குனிந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார். நான் எழுந்தேன். ரவிக்கையின் கை அவர் கையோடு போய்விட்டது.

அம்மா முந்தானையை என்மேல் சுற்றிக்கொண்டே, பதற்றத்தில் நான் ஒல்லி அளவுக்குத் தைத்துக்கொண்ட கதையையெல்லாம் கொட்டிவிட்டாள். மாமியார் அந்தக் கிழிந்த கையைத் தூக்கிப் பிடித்தார்.

“உன்னத்தானேமா எளைக்கச் சொன்னேன்? ரவிக்கைய யாரு எளைக்கச் சொன்னா?”

கூடமே சிரித்தது. அப்பா சிரித்தார். அதையெல்லாம் மறந்துவிட்டேன். அந்தப் பிள்ளையும் சிரித்தாரே, அதுதான் இன்றைக்கும் எரிகிறது. அவருக்காகத்தானே அதற்குள் நுழைந்தேன்!

கல்யாணம் நடந்தது. பெரிய குடும்பம். கிணற்றில் தண்ணீர் இறைத்து, மூன்று வேளையும் பொங்கிப் போட்டு, கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டதில் ஒரே வருடத்தில் துரும்பாக இளைத்தேன். மனசை யாரும் கேட்கவே இல்லை (கட்டுரை எழுதியவர் கவனிக்க). ஒரு நாள் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாராட்டத்தான் போகிறார் என்று நின்றேன்.

“இன்னாமா, இப்படி எளைச்சிக்கினு போற? மருமவளுக்குச் சோறு போடலன்னு ஊரு என்னைத்தான் பேசும். ஒடம்பத் தேத்து.”

அவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. கதை போகவில்லை. எந்த விசேஷமானாலும் பந்தி முடிந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து, தாயார் குரலில் அந்தக் கேள்வியைக் கேட்பார். உறவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ரவிக்கை கிழிந்த சத்தம் மட்டும் அவருக்கு வராது. அதற்கு என்னைப் பார்ப்பார்.

நானும் செய்துகாட்டுவேன். இத்தனை வருடப் பழக்கத்தில் இப்போது நன்றாகவே வருகிறது.