நாற்பது விநாடிக்கு ஒரு சிபாரிசு

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் எழுதுவது. அக்காவும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள். உங்களுக்கு அது எப்போதுமே கைவந்த கலை. நான் சுகமாக இல்லை. பயந்துபோய் இருக்கிறேன்.

பாட்டுக் கம்பெனியில், பாடுகிறவர் வாய் திறப்பதற்கு முன்னால் வரும் இசையை அமைப்பதுதான் என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், என் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம், "பாட்டு ஆரம்பிக்கிற வரைக்கும் மாப்பிள்ளை ஏதோ பண்ணுவார்" என்று அறிமுகம் செய்துவைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இது அதற்கான கடிதம் அல்ல.

புதிதாக வந்திருக்கும் மேலாளர் எனக்கு ஒரு வரைபடம் காட்டினார். கேட்பவர்கள் எந்த இடத்தில் பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள் என்று காட்டும் கோடு. என் வயலின்கள் எழுந்த இடத்தில் அது குப்புற விழுந்து கிடந்தது. "சார், முப்பது செகண்ட் கேட்டாதான் நமக்குக் காசு. உங்க முன்னிசையே நாப்பது செகண்ட். பாடகி வர்றப்ப வீட்ல ஒருத்தரும் இல்ல சார்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் பயமுறுத்துகிறது, ஏனென்றால் சரணங்களுக்கு நடுவே இசை அமைத்தவரிடமும் போன மாதம் இப்படித்தான் சிரித்தார், இப்போது அவர் நாற்காலி இருந்த இடத்தில் காபி இயந்திரம் நிற்கிறது, நேற்று ஒருத்தன் நாடாவோடு வந்து என் மேசையை அளக்கிறான், எதுக்குப்பான்னு கேட்டா "சும்மா பாக்கச் சொன்னாங்க சார்"ங்கறான், பேருந்தில் யார் கையில் போனைப் பார்த்தாலும் என் கண் கட்டைவிரலுக்குத்தான் போகிறது, விரல் அசைந்தால் எனக்கு வியர்க்கிறது, சரி, நம்ம வீட்டுலயாவது நாலு பேர் காது கொடுப்பாங்கன்னு மகளுக்குப் புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

"எப்பப்பா பாட்டு ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சாச்சும்மா. இதுவும் பாட்டுதான்."

"அப்ப பாடறவங்க லீவா?"

உள்ளே இருந்து என் மனைவி, "அவ கேக்கறதுல என்ன தப்பு?" என்கிறாள். இவளுக்கும் அந்த மேலாளருக்கும் ஏதாவது ஒப்பந்தம் இருக்குமோ என்றுகூட இரண்டு நாளாகச் சந்தேகம்.

திங்கட்கிழமை கூட்டம். முதலாளி முன்னால், குப்புற விழுந்த அந்தக் கோட்டைத் திரையில் போடுவார்கள். அவர் உங்கள் வகுப்புத் தோழர். ஒரு வார்த்தை சொல்லுங்கள் அத்தான். பாட்டுக்குள் ஆளை அழைத்துப்போக ஒரு வாசல் வேண்டாமா? இப்போது வருகிற பாட்டெல்லாம் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே குதித்து, எடுத்த எடுப்பிலேயே பல்லவியைக் கத்துகிறது. காசுக்காக ஜன்னல் வழியே குதிப்பதற்குத் திருட்டு என்றுதானே பெயர்? இந்த வயதில் எனக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு என் வணக்கம், காரியத்துக்காக அல்ல.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: புதுப் பாட்டையும் சேர்த்து அனுப்பலாமென்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன். புல்லாங்குழல் முடிவதற்குள், என்னையறியாமல், பாடகி வரும் இடத்துக்குத் தள்ளிவிட்டேன். ஆகவே முன்னிசையைப் பற்றி முதலாளியிடம் மூச்சுவிட வேண்டாம். அதை வெட்டிவிடும்படி மேலாளருக்கு நானே எழுதிவிட்டேன். என் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அது என்ன வேலை என்று கேட்டால், தயவுசெய்து நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.