சாக்பீஸ் படகு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதினால்தான் நகர்வேன் என்று அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எழுதிவிட்டேன். நகர்ந்துவிட்டாள். இனி உண்மை.

படகுப் பயணம் இல்லை. அந்த மூன்று நாள் விடுமுறையோடு சேர்த்து நீ லீவு எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா போனைப் பிடுங்கி, "அவ கெடக்குறா, நீ கெளம்பி வாடா" என்பாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். அலுப்பாக இருக்கிறது. வரிசை தப்பினால் பொறுத்துக்கொள்.

யோசனை அம்மாவுடையது. நீயும் அப்பாவும் பேசி நாலு வருஷம். வருகிறாய், சாப்பிட உட்காருகிறாய். உப்புக் கிண்ணம் அப்பா பக்கம் இருந்தால் என்னைப் பார்த்துக் கேட்கிறாய். அவர் என்னைப் பார்த்து நீட்டுகிறார். நடுவில் உட்கார்ந்து எனக்குக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். "வீட்ல வெச்சா அவன் ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிறான். கார்ல போனா இவரு ரோட்டையே பாத்துக்கிட்டு வருவாரு. படகுன்னா சுத்திலும் தண்ணி. எங்க போவாங்க ரெண்டு பேரும்?" என்றாள் அம்மா. நான் நூலகத்தில் பாதி நேர வேலை பார்ப்பவள். மீதி நேரம் வீட்டுக்குச் சொந்தம் என்பது சட்டம். ஏற்பாடு முழுக்க என் தலையில்.

கால்வாயில் வாடகைக்குப் படகு விடும் ஒரு அம்மாளைப் போனில் கூப்பிட்டேன். எல்லாப் படகும் போய்விட்டது, ஒரே ஒரு பழைய படகுதான் மிச்சம் என்றார். எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து என்றேன், நீ, நான், அப்பா, அம்மா, மாமா. "கொழந்தைங்க உண்டா?" என்றார். கொஞ்சம் யோசித்தேன். "ரெண்டு. ஒருத்தருக்கு அறுபத்திரண்டு, ஒருத்தருக்கு இருபத்தெட்டு." அவர் சிரிக்கவில்லை. "அப்ப மேல்படுக்கை வேணாம்" என்று மட்டும் சொன்னார், இந்த மாதிரிக் குடும்பங்களை நிறையப் பார்த்திருப்பார் போல. வேகம் எப்படி என்றேன். "நடந்து போறவங்க நம்மளத் தாண்டிப் போவாங்கம்மா. கரை எப்பவும் கைக்கெட்டுற தூரம்தான். போரடிச்சா எறங்கி நடந்துட்டு அடுத்த வளைவுல ஏறிக்கலாம்." அதாவது யாரும் எப்போது வேண்டுமானாலும் இறங்கிப் போகலாம். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவள் ஜன்னலுக்குத் திரை தைக்க ஆரம்பித்திருந்தாள்.

அடுத்தது அப்பா. "பழகாத வண்டில என் வீட்டு ஆளுங்க ஏற மாட்டாங்க." முப்பது வருஷ டிரைவிங் ஸ்கூல். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் தரையில் சாக்பீஸால் வரைந்து, அதன் மேல் நடக்க வைத்துத்தான் யாருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். உனக்குத் தெரியாததா. படகுக்காரம்மாவிடம் அளவு வாங்கினார். அகலம் இரண்டு மீட்டர், நீளம் பன்னிரண்டு. நம் ஹால் ஏழுதான். சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு வரைந்துகொண்டே போனார், கோடு சமையலறையை உரசிக்கொண்டு பால்கனி வரை போய், படகின் மூக்கு துணிக்கொடிக்குக் கீழே, என் துண்டுக்கு நேராக முடிந்தது. கோட்டுக்கு உள்ளே படகு. வெளியே எல்லாம் தண்ணீர். நாலு நாள் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை குடும்பம் கோட்டுக்குள் வாழ வேண்டும் என்று உத்தரவு.

அடுப்பு தண்ணீரில் இருந்தது. முதல் நாளே பால் பொங்கப் பார்த்து அம்மா பாய்ந்து ஓடினாள். "விழுந்துட்ட" என்றார் அப்பா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "விழுந்தாலும் பாலக் காப்பாத்திட்டேன்ல" என்றாள் அம்மா, தண்ணீரில் நின்றபடி. மாமாவைக் கேட்கவே வேண்டாம். இன்ஷூரன்ஸ் விற்பவர். மனிதன் எந்தெந்த விதத்தில் சாகலாம் என்று பட்டியல் வைத்திருப்பவர். வரும்போதே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டோடு வந்தார், அதைக் கழற்றாமல் காப்பி குடித்தார், அதோடு பேப்பர் படித்தார், அதோடு பாத்ரூம் போய் வந்தார். கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டி, "உள்ள வரலாமா?" என்றாள். மாமா, "நீச்சல் தெரியுமா?" என்றார். வந்த வழியே இறங்கிவிட்டாள். இப்போது மாடிப்படியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து, "தைரியமா இரும்மா" என்கிறார்கள்.

இதெல்லாம் சில்லறை. சிக்கல் சுக்கானில் வந்தது.

படகில் ஸ்டியரிங் கிடையாது. பின்னால் நின்றுகொண்டு ஒரு நீளக் கம்பைப் பிடித்துத் திருப்ப வேண்டும். கம்பை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும். அப்பா ஒட்டடைக் கம்பை அம்மாவின் தையல் ஸ்டூலில் கட்டிப் பழகினார். மாமா பின்னால் நின்று "இடது, வலது" என்று வளைவு சொல்ல வேண்டும். படகு எங்கே போகிறது என்று நான் நோட்டில் குறிக்க வேண்டும். கை போகிற பக்கம் வண்டி போகும் என்று முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த கை. கேட்கவில்லை. என் நோட்டின்படி முதல் மூன்று நாளில் இருபத்திரண்டு முறை கரையில் மோதினோம். அப்பா ஒன்றைத் தப்பாகச் செய்து நான் பார்த்ததே இல்லை. எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் மதகு. கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் பெரிய கதவுகள் உண்டாம். ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் கரையில் இறங்கி நடந்து போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. அப்பா பாத்ரூம் வாசலில் மதகு வரைந்தார். பக்கத்தில், ஆள் நிற்க ஒரு வட்டம். வட்டத்தில் யாரும் இல்லை.

"நான் நிக்கிறேனே அத்தான்" என்றார் மாமா.

"அது வேற ஆளுக்கு."

அம்மா கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

"அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டு நீங்களே சொல்றது?" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"படகு ஓட்டுறப்ப போன் பேசக் கூடாது" என்றார் அப்பா.

நாலாம் நாள் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "வலதுன்னேன்ல அத்தான்! வலது! அய்யோ, அங்க இல்ல! ஊருக்கே சொல்லிக்குடுத்தவரு, உங்களுக்கு வரலன்னா சிரிக்க மாட்டாங்க?" அப்பா கம்பைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். கோட்டைத் தாண்டினார். தண்ணீரில் நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு நோட்டில் எதுவும் தெரியவில்லை. மைதானம்தான் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன், உன்னுடைய மூன்றாவது லைசென்ஸ் டெஸ்ட். பைக்கில் எட்டு போடுகிறாய், இரண்டாவது சுற்று. இன்ஸ்பெக்டர் மரத்தடியில். கயிற்றுக்கு வெளியே அப்பா, "முட்டியச் சேத்து வெய்டா! ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் வருது, என் பையனுக்கு வரலன்னா நான் கடைய மூடிட்டுப் போலாம்!" நீ காலை ஊன்றினாய். எஞ்சினை அணைத்தாய். பைக்கை எட்டின் நடுவிலேயே பதமாகச் சாய்த்து வைத்துவிட்டு நடந்தாய். அன்று ரோஷம் என்றார்கள், திமிர் என்றார்கள். நானும் ஏதோ சொன்னேன். பைக்கை நீ எறியவில்லை, சாய்த்து வைத்தாய் என்பதை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. ஒட்டடைக் கம்பு தரையைத் தொட்ட விதத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா ஒரு மணி நேரம் கழித்து வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து, "பின்னாடி நின்னு கத்துனா எவனுக்குத்தான் கை வரும்" என்றார்.

மாமா தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "தப்புதான் அத்தான்" என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினார். அம்மா திரும்பவே இல்லை. அவள் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். கதையில் ஆகியிருக்கும். மறுநாள் காலை அப்பா படகுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டார். படகுக்கு ஏதுங்க பிரேக், எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினால் தானாக நிற்கும் என்றிருக்கிறார் அவர். "பிரேக் இல்லாத ஒண்ணுல குடும்பத்த ஏத்த மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார். அப்பாவே ஈரத் துணியெடுத்து, குனிந்து, படகை மூக்கிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். அம்மா தைத்து முடித்த ஆறு திரையையும் மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. ஆக வீட்டில் பேசாத ஜோடி இப்போது இரண்டு. உப்பு, தண்ணீர், கரண்ட் பில், எல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பாகிட்ட குளிக்கச் சொல்லு." "குளிச்சாச்சுன்னு சொல்லு." ஒரே அறை, அண்ணா. இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

பிரேக் காரணமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று நாள் உன் பக்கத்தில் நிற்க வேண்டும். சொல்லிக்கொடுக்காமல் ஒருவரோடு எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. பயந்துவிட்டார். நீயும் ஒன்றும் சளைத்தவன் இல்லை. படகு என்று முதலில் சொன்னபோது, "அங்க என்ன பேசுறது?" என்று கேட்டாய். இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான். தனித்தனி ஊரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறீர்கள். நான் யார் பக்கமும் இல்லை. எனக்குத் தூக்கம் வருகிறது.

ஆகவே வர வேண்டாம். வந்தாலும் வழக்கம்போல உப்புதான் கேட்பாய். அந்த மூன்று நாளும் உன் ரூமிலேயே துணி துவைத்துக்கொண்டு நிம்மதியாக இரு. ஒருவராவது இருக்கட்டும்.

மாமா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், பாலிசி கட்டினாயா என்பதையும் சேர்த்து. அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, வேளைக்குச் சாப்பிடவும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதையும் குறையாமல் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை.

பி.கு.: உறையை ஒட்டியாகிவிட்டது. இப்போது கிழித்துப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடு. லீவைத் திரும்ப வாங்காதே. படகுக்காரம்மா இப்போதுதான் கூப்பிட்டார், விவரம் சரிதானா என்று கேட்க. காலையில் அப்பா மறுபடி பேசியிருக்கிறார், தெருமுனையில் நின்று, எங்களுக்குத் தெரியாமல். இரண்டே பேருக்குத்தான் படகு கேட்டிருக்கிறார். எங்கள் மூன்று பேருக்கும் இடமில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, கோபித்துக்கொண்டே பீரோவைத் திறந்து திரைகளை எடுப்பாள் என்று நினைக்கிறேன். படகுக்காரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஓட்டப் போறது என் பையன், நான் கரையில நடந்து வந்து கதவு தொறந்து விடுறேன்னாருங்க. சரின்னேன். கரையிலேருந்து கத்துனா ஓட்டுறவனுக்குக் கேக்குமான்னாரு. எதுக்குப் பொய் சொல்லணும், பழைய எஞ்சின், தலையே போற மாதிரி கத்தினாலும் ஒரு வார்த்த கேக்காதுங்கன்னேன். வேணாம்பாருன்னு பாத்தேன். அப்புறம், 'அந்தப் படகையே எழுதிக்குங்க'ன்னுட்டாரு."