நேசக்குமாரின் கேம் புரோகிராம்

படகிலிருந்து குதித்த முத்துக்குளிப்பவர் நேராகக் கீழே போனார். பாசியைத் தாண்டினார், சிப்பிகளைத் தாண்டினார், கடலடி மணலையும் தாண்டி லேப்டாப் திரையின் அடிவிளிம்பில் மறைந்தார். நேசக்குமார் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். எதற்குப் பார்த்தோம் என்று தனக்கே வெட்கமாகி நிமிர்ந்தான்.

"என்ன தேடுதிய?" என்றாள் அவன் மனைவி ஜெபசுதா, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல. ஆளு கீழ போயிட்டாரு."

"வரச் சொல்லுங்க."

"போகத்தான் சொல்லியிருக்கேன். நிக்கச் சொல்லுதது அடுத்த வீடியோவுலதான் இருக்கு."

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் ஏற்றுமதிக் காகிதங்கள் டைப் செய்வது நேசக்குமாரின் வேலை. பிரிண்டரில் சிக்கிய தாளைக் கிழியாமல் உருவத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான் என்பதால், 'கம்ப்யூட்டர் நேசக்குமார்' என்று பேராகிவிட்டது. நாசரேத்திலிருந்து, தூத்துக்குடிக்குப் பக்கத்துச் சிற்றூரான இந்தப் புதுக்கோட்டைக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தப் பேர் சர்ச் வரைக்கும் எட்டிவிட்டது என்றுதான் அவன் நினைத்தான். இல்லாவிட்டால் ஞாயிறு பள்ளிச் செயலாளர் டேவிட்சன் அவனைத் தேடி ஃபோன் செய்வாரா?

"தம்பி, ஆண்டு விழாவுக்குச் சின்னப் பிள்ளையளுக்கு ஒரு கேம் புரோகிராம் வேணும். சிம்பிளா இருந்தாப் போதும். நீங்கதான் பண்ணித் தரணும்."

புரோகிராமிங்கில் ஆனா ஆவன்னாகூடத் தெரியாது என்று சொல்ல நேசக்குமாருக்கு வாய் வரவில்லை. "செஞ்சிருதேன் ஐயா" என்றான். ஞாயிறு பள்ளியில் புதிதாக டீச்சராகச் சேர்ந்திருந்த ஜெபசுதா, எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். "போன வருசம் பண்ணினவருக்கு மறுநாள் குரலே இல்ல" என்று ஒரு டீச்சர் சொன்னாளாம். குரலுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

புரோகிராமிங் பழகுவதற்கென்றே ஓர் இலவச மென்பொருள், பாட வீடியோக்களோடு கிடைத்தது. வண்ணவண்ணக் கட்டைகளாகக் கட்டளைகள் இருக்கும். ஒன்றின்கீழ் ஒன்றாக இழுத்துப் பூட்டினால் போதும். பார்க்க ரொம்ப எளிதாக இருந்தது.

ஆள் கீழே போன மறுநாள் சாயங்காலம், 'இப்படி ஆனால் இதைச் செய்' என்னும் 'இஃப்' படித்தான். மணல் நிறத்தைத் தொட்டால் நின்றுவிடு என்று ஒரு கட்டை பூட்டினான். இப்போது முத்துக்குளிப்பவர் குதிக்கவே இல்லை.

"பயந்துட்டாரோ?" என்றாள் ஜெபசுதா.

நேசக்குமார் படகை உற்றுப் பார்த்தான். மணலுக்குப் பூசிய பழுப்பு நிறத்தையே சோம்பல்பட்டுப் படகுக்கும் பூசியிருந்தான். ஆகவே அவர் கணக்குப்படி அவர் ஏற்கெனவே கடலடியில்தான் நிற்கிறார். உடனே படகுக்கு நீலம் அடித்தான். ஆள் குதித்தார், மணலில் நின்றார், அம்புக்குறியை அழுத்தியதும் மேலேயும் வந்தார். ஆனால் நீலப் படகு நீலக் கடலோடு கலந்துபோய், மனிதர் வெறும் தண்ணீர் மேல் காலூன்றி நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி மேல நடந்த பேதுரு மாதிரி நிக்காரு" என்றாள் ஜெபசுதா. "பாஸ்டர் பாத்தா இத வச்சே ஒரு பிரசங்கம் பண்ணிருவாரு."

படகு சிவப்பானது.

அடுத்து மூச்சு. "மூச்சுன்னு ஒரு வேரியபிள் வைக்கணும்ளா. டப்பா மாதிரி. உள்ள ஒரு நம்பர் கிடக்கும். தண்ணிக்குள்ள இருக்க இருக்கக் குறையும். காலியாச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுது" என்று விளக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினான். முத்துக்குளிப்பவர் படகில் நின்ற இடத்திலேயே செத்துப்போனார்.

"ஏங்க, அவரு இன்னும் கால்கூட நனைக்கலியே."

டப்பாவை வைத்தானே தவிர, அதில் எதையும் போடவில்லை. நூறு போட்டான். போட்ட இடம்தான் தப்பு. திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள்ளேயே அந்தக் கட்டை உட்கார்ந்துவிட்டது. மூச்சு ஒன்று குறையும், அடுத்த சுற்றில் மறுபடி நூறாகும். குழம்பு கொதித்து இறக்கி வைத்த பிறகும் முத்துக்குளிப்பவர் கடலடியில் சுகமாக நின்றார்.

"இவருக்குச் செவுள் இருக்கா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஜெபசுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டைகளை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். "இந்த நூற வெளிய எடுங்க. குதிக்கையில ஒருதரம் போட்டாப் போதும்லா."

எடுத்தான். மூச்சு குறைந்தது, ஆள் தவித்தார், மேலே வந்ததும் பிழைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சே மாறிப்போனது. சிப்பிக்குள் முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால் எப்படிச் சொல்வது? ஒரு சுறா வந்தால் என்ன ஆகும்? இரண்டு சுறா வந்தால்?

இரண்டு சுறாதான் வினையானது. 'உன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கு' என்ற கட்டையைச் சுறாவின் லூப்புக்குள் வைத்தான். ஒரு சுறா இரண்டானது, இரண்டு நாலானது. படகு மறைந்தது, கடல் மறைந்தது, திரை முழுவதும் பல். லேப்டாப் உறைந்து நின்றது. விடிந்தால் சரியாகிவிடும் என்று மூடி வைத்தான்.

அது ஆபீஸ் லேப்டாப். திங்கட்கிழமை மேனேஜர் ராஜதுரை தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தபோதுதான் திறந்தான்.

"என்னவே இது? கொழும்பு போற உப்பு லோடு பேப்பர் எங்க?"

"உள்ளதான் சார் இருக்கு. சுறாவுக்குப் பின்னால."

ராஜதுரை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து நேசக்குமார் படபடவென்று விளக்க ஆரம்பித்தான். "ஒரு சுறா இருக்கு சார். அது இன்னொரு சுறாவ உண்டாக்கும். அந்தச் சுறாவும் இதே கட்டையத்தான் வச்சிருக்கு, அதனால அதுவும்..." பாதியில் வாய் நின்றது. குட்டியும் குட்டி போடுகிறது. ராத்திரியெல்லாம் யோசித்தும் பிடிபடாதது, வாய்விட்டுச் சொன்னதும் பிடிபட்டுவிட்டது.

"அப்ப குட்டிகிட்ட இருந்து அந்தக் கட்டையப் பிடுங்கும்" என்றார் ராஜதுரை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "மொதல்ல உப்பு பேப்பர அடியும். மத்தியானம் நான் ஒரு ஆட்டம் பாக்கணும்."

லேப்டாப்பை அணைத்துப் போட்டதில், அடித்து வைத்திருந்த உப்புக் காகிதம் பாதி போய்விட்டது. திரும்ப உட்கார்ந்து அடித்தான். வழக்கத்தில் எரிச்சல் வரும். அன்று வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கிரேன் கன்டெய்னரைத் தூக்கியது, வைத்தது, தூக்கியது. லூப் என்று நினைத்துக்கொண்டான். கப்பல் நிறைந்தால் நிற்கும். அதுதான் இஃப்.

விழா நாள் காலை. சர்ச் ஹாலில் ஜன்னல்களைச் சாத்தி, புரொஜெக்டரில் கடலைச் சுவர் முழுக்க விரித்தான். பொத்தானை அழுத்தினான். முத்துக்குளிப்பவர் சிவப்புப் படகிலிருந்து குதித்தார். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சிப்பி திறந்து முத்து தெரிந்தபோது எழுந்த சத்தத்தில் கூரை இடுக்கிலிருந்த புறாக்கள் பறந்தன. 'எனக்கு', 'எனக்கு' என்று வரிசை நின்றது. கடைசி வரிசையில் ஜெபசுதா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள், "மாமா, அந்தச் சுறா ஏன் படகு மேல ஏற மாட்டேங்குது?"

நேசக்குமார் அவள் முன் குந்தி உட்கார்ந்தான். "நான் ஏறச் சொல்லலம்மா. கம்ப்யூட்டரு நாம சொன்னத மட்டுந்தான் செய்யும். நாம மனசுல என்ன நினைச்சுச் சொன்னோம்னு அதுக்குத் தெரியாது."

அப்போது கதவைத் திறந்துகொண்டு வெயிலோடு உள்ளே வந்தார் வாட்ச்மேன் பிச்சையா. முழங்கை வரை சுண்ணாம்பு. சுவரில் நீந்திய சுறாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நேசக்குமாரின் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, கேம் புரோகிராம் நீங்கதான் நடத்துதியன்னு டேவிட்சன் ஐயா சொன்னாவ. கிரவுண்டுல கோடு போட்டு முடிச்சிட்டேன், சாக்கு ஓட்டத்துக்குச் சாக்கும், எலுமிச்சம்பழமும் கரண்டியும் எந்த வண்டியில வச்சிருக்கிய?"