மாப்பிள்ளை சிரிக்காத காரணம்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜனாப் ஷபீ அஹமது சாகிப் அவர்களுக்கு, ஆம்பூரிலிருந்து அப்துல் சமத் ஸலாம் கூறி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லில் ஒரு சிறு திருத்தம் உண்டு. அது கீழே வரும். தயவுசெய்து அவசரப்பட்டுக் கீழே பார்க்க வேண்டாம். போனில் சொல்லலாமே என்பீர்கள். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் மூளை சுருங்கி மறதி வரும் என்று தாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி கிடைத்தது. அது வந்த அன்றைக்கென்று பார்த்து நான் கொத்தமல்லி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய், கொத்தமல்லி இல்லாமல் வேறு யாருடைய குடையையோ பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். என் மனைவி நசீமுன்னிசா தங்கள் செய்தியை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். “மூளை சுருங்கிடுச்சு” என்று சொல்லிவிட்டு, பிரியாணி தேக்சா முதல் பால் குண்டான் வரை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாள். எது அலுமினியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம் ஒட்டாதது அலுமினியம் என்று நான்தான் என் அறிவைக் காட்டினேன். எங்கள் வீட்டு எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது என்பது பிறகுதான் தெரிந்தது. டம்ளர், தட்டு, கரண்டி எல்லாம் மாடிக்குப் போய், கடைசியில் அடுப்படியில் மிஞ்சியது ஓர் இரும்புச் சட்டி. அதில் போட்ட டீ மை மாதிரி கறுத்துப்போயிற்று. தோல் பதனிடும் ஷாப்பில் காலமெல்லாம் வேலை பார்த்தவனுக்கு அதில் ஆச்சரியமில்லை. கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டாலும் இப்படித்தான் கறுக்கும். நசீமுன்னிசாவோ, “பாத்தீங்களா, விஷம்!” என்று அந்தச் சட்டியையும் மாடிக்கு அனுப்பினாள். அன்றிரவு ஓட்டல் சாப்பாடு.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. சட்டியில் இருக்கிற உலோகம் எந்த வழியாக மூளைக்குப் போகிறது? தோல் ஷாப் கழிவு கலந்த பாலாற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கெல்லாம் மறதி வர வேண்டாமா? பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டேன். பதில் சொல்லத் தெரியாதவர்கள் பயமுறுத்திவிட்டுப் போனார்கள். முடிவில் வேலூரில் நரம்பு வைத்தியம் பார்க்கும் ஹேமலதா என்ற டாக்டரம்மாவிடம் காட்டுவதென்று ஏற்பாடாயிற்று. துணைக்குத் தங்கள் மகன், நம் மாப்பிள்ளை தபரேஸ் வந்தார்.

டாக்டரம்மா ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஐந்தையும் சொல்லி, அவர் சொல்லாத ஆறாவது ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்.

“உங்களுக்கு மறதி நோய் எதுவும் இல்ல. கவனம்தான் கம்மி” என்றார்.

“அலுமினியம்?”

“பல வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க. சமைக்கிற பாத்திரத்தால அந்த நோய் வருதுன்னு நிரூபணம் ஆகல.”

“அப்போ உலோகம் எதுவுமே மூளைக்குப் போகாதாம்மா?”

“போகுமே. எது, எவ்ளோ, எந்த வழியா போகுதுன்றதுதான் விஷயம். மாங்கனீஸ் இருக்கே, அது சாப்பாட்டுல கொஞ்சம் வேணும். அதுவே புகையா மூச்சுல ஜாஸ்தி போனா மூளையில தங்கிடும்.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலோரம் என் பையோடு நின்ற தபரேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவர் யாரு? என்ன வேலை செய்றாரு?”

“என் மாப்பிள்ளை. ஷெட்ல வெல்டிங் வேலை.”

“தம்பி, இவர் பக்கத்துல வந்து நின்னு, அப்படியே பின்னாடி நடந்து காட்டுங்க.”

சம்பந்தி, கீழே வரும் என்று சொன்னது இதுதான். தபரேஸ் பின்பக்கமாக ஓரடி வைத்தார், மரம் மாதிரி என்மேல் சாய்ந்தார். இரண்டு பேரும் நாற்காலியோடு தரையில் கிடந்தோம்.

“கொஞ்ச நாளா இவர் முகத்துல சிரிப்பைக் காணோமா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஆமாம்மா! ரம்ஜானுக்கு அப்புறம் நான் சொல்ற ஒரு ஜோக்குக்கும் சிரிக்கல.”

“அதுக்கு ஜோக்கும் காரணமா இருக்கலாம். ஆனா இவர் முகமே இறுகிக் கிடக்கு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, நாட்றம்பள்ளி சம்பந்திக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள் என்று நசீமுன்னிசா எத்தனை முறை என்னை முடுக்கியிருக்கிறாள்! தன்மேல் பிரியம் போய்விட்டது என்று என் மகள் மெஹக் அழுதிருக்கிறாள். பாவம், காற்றுப் போகாத ஷெட்டில் டேங்குக்குள் உட்கார்ந்து புகையைக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். வெல்டிங் புகையில் வரும் மாங்கனீஸாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. புகைப் பக்கமே போகக்கூடாது. போகாமல் இருந்தால் நோய் முற்றாமல் நிற்கலாம், கொஞ்சம் தேறவும் தேறலாம், பழையபடி முழுதாக ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஷெட் முதலாளி நவநீதன் நல்ல மனிதர். புகையை இழுக்கும் மின்விசிறி போட்டு, மற்ற வெல்டர்களையும் பரிசோதனைக்கு அனுப்பினார். தபரேஸுக்கு வெளிக்கூடத்தில் அளவெடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார். மெஹக் தினமும் அவர் கன்னத்தைத் தேய்த்துவிடுகிறாள். நேற்று நான் ஒரு ஜோக் சொன்னேன். முகம் அசையவில்லை. “உள்ள சிரிச்சேன் மாமு” என்றார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

தாங்கள் மனம் தளர வேண்டாம். அவர் எங்களுக்கும் மகன்தான். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஸலாம், சின்னவர்களுக்கு துஆ. அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல காற்றைக் கொடுப்பானாக.

தங்கள் அன்புள்ள,
அப்துல் சமத்

பி.கு.: உறையை ஒட்டும் சமயம் தபரேஸ் வந்து யாருக்குக் கடிதம் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே தங்களுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். “மாமு பக்குவமா எழுதுவாரு, அதுவரைக்கும் தெரியாத மாதிரியே இருங்கப்பா” என்றும் சொல்லி வைத்தாராம். இத்தனை நாள் போனில் என்னிடம் மழையைப் பற்றியும் மாங்காய் விலையைப் பற்றியும் மட்டும் பேசியது இதனால்தானா சம்பந்தி? போகட்டும். கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறேன், இப்போதுதான் முதல்முதலாகக் கேள்விப்படுவதாக நினைத்து, இன்னொருமுறை படிக்கவும்.