மூணு கிலோ பேய்

நியூ டவுன் மென்பொருள் அலுவலகத்தின் ஒன்பதாம் மாடியில் பேய் புகுந்துவிட்டது. ஊழியர்களின் தோளில் ஏறி உட்கார்ந்து, தூக்கத்தைத் தின்று, முதுகை ஒடித்தது. அதை ஓட்ட நிர்வாகமே அழைத்துவந்தவர் ஹால்கா பாபா. ஹால்கா என்றால் வங்காள மொழியில் லேசு. பேரே பாதி மருந்து.

பொறியியல் பட்டதாரிகள் வரிசையில் நின்றார்கள். பாபாவின் முறை விஞ்ஞானபூர்வமானது. முதலில் வந்தவரை வந்தபடியே எடை மெஷினில் ஏற்றுவார். பிறகு, "தீட்டு" என்று தோள்பையைத் திரைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, பாயில் படுக்கவைத்துச் சங்கு ஊதுவார். தூங்கி எழுந்ததும் மறுபடி எடை. குறைந்திருக்கும்.

"மூணு கிலோ பேய், தீதி," என்று பாயிலிருந்து எழுந்துவந்த அக்ஷய், தான் அக்கா முறை வைத்து அழைக்கும் வித்யாலக்ஷ்மியிடம் கண்கலங்கினான். "நிஜமாவே லேசா இருக்கு."

போன் அடிக்காமல் அரை மணி நேரம் தூங்கினால் யானைக்கும் லேசாக இருக்கும்.

வித்யாலக்ஷ்மி சிரிக்கவில்லை. அவள் நெஞ்சிலும் மாதக்கணக்கில் ஏதோ உட்கார்ந்திருந்தது. விரல்கள் மரத்துப்போகும். மகள் பேசினால் உதடு அசைவது மட்டும் தெரியும். 'இதயத்தில் கோளாறில்லை, வேலைதான் உறிஞ்சிவிட்டது, ஒரு மாதம் ஓய்வெடு' என்று பாலிகஞ்ச் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

மேனேஜர் சேஷாத்ரி அந்தச் சீட்டைத் தொடவில்லை. "பேய் இறங்கிட்டா லீவு எதுக்கும்மா? லீவு போட்டா வீட்டுக்கே கூட வருமாம். பாபா சொல்றார்."

பேய்க்கு லீவு விதிகள் மனப்பாடம் போலிருக்கிறது.

நீயும் போய்ப் படுத்துவிடு என்று அவளுக்குள் ஒரு பாதி கெஞ்சியது. நம்பிவிட்டால் எவ்வளவு சுகம். மெஷினருகே போனவள் நின்றாள். காலையில் சேஷாத்ரிக்கு மட்டும் எடை குறையவில்லை. 'புண்ணியவான், பேய் அண்டாது' என்றிருந்தார் பாபா. சேஷாத்ரி பை தூக்குவதே இல்லை. அவர் லேப்டாப்பையும் அக்ஷய்தான் சுமப்பான்.

"சார், ஒரு நிமிஷம் ஏறுங்க."

ஏறினார். தன் பையை அவர் தோளில் மாட்டினாள். முள் துள்ளியது.

"மூணு கிலோ, சார். உங்களுக்கும் பிடிச்சிடுச்சு."

பாபா தொண்டையைச் செருமினார். "பேய் பைக்குள்ள ஒளிஞ்சிருக்கு, மா."

"அதைத்தான் நானும் சொல்றேன், பாபா."

அக்ஷய் யோசித்தான். தன் பையையும் சேஷாத்ரியின் லேப்டாப் பையையும் கொண்டுவந்து அவருடைய மறுதோளில் மாட்டினான். அவன் பின்னால் வரிசையே வந்தது. முள் சுற்றிச் சுற்றிப் போயிற்று.

"முதுகு போயிடும்மா, எடுக்கச் சொல்லு," என்று முனகினார் சேஷாத்ரி. "லீவு எடுத்துக்கோ, போ."

சங்கை ஜோல்னாப் பையில் திணித்துக்கொண்டு பாபா பின்படிக்கட்டில் இறங்கினார். வித்யாலக்ஷ்மி கைவீசி லிஃப்டில் இறங்கினாள். நெஞ்சின் கனம் அப்படியே இருந்தது. அது மெல்லத்தான் போகும்.

தோள் வலிக்கிறதா, பட்டதாரிகளே? பேயோட்டியைத் தேடாதீர்கள். ஏற்றிவைத்தது யாரென்று தலையைத் திருப்பிப் பாருங்கள்.