தள்ளாடத் தெரியாத ஏரோது

குடித்துவிட்டு நடித்த நடிகர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். குடித்திருந்தால் மட்டுமே நடிகராக இருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் மாம்புரிக்காரர். அவருடைய ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவில் இருக்கிறதாம், நான் பார்த்ததில்லை. கற்பிட்டி முதல் சிலாபம் வரைக்கும் அவர் ஏரோதுதான்.

எங்கள் கோயிலில் வருஷா வருஷம் குருத்து ஞாயிறு பின்னேரம் ஆண்டவரின் பாடுகளை மேடையேற்றுவோம். அதில் பிலாத்து இயேசுவை ஏரோது ராசாவிடம் அனுப்புகிற காட்சி ஒன்று வரும். விருந்தில் குடிவெறியோடு இருக்கிற ராசா, இயேசுவைக் கேலி பண்ணிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏழு நிமிஷ வேலை. அதைப் பார்க்கத்தான் சிலாபத்திலிருந்து பஸ் பிடித்துச் சனம் வரும். திரைக்குப் பின்னால் கொப்பியோடு நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருஷம் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றையும் வாங்கிக்கொண்டதில்லை.

மேடைக்கு ஏறுவதற்கு முன் அரைப் போத்தல் சாராயம். ஏனென்று கேட்டால் பெரிய நடிகர்மாரின் கதைகளை எடுத்துவிடுவார். மற்றவர்கள் புனிதர்களின் சரித்திரம் சொல்கிற பக்தியோடு சொல்லுவார்.

"இந்தியாவில ஒரு பெரிய நடிகர், குதிரைச் சண்டை எடுக்கிற நாளில குதிரைக்கும் ஊத்திக் குடுத்திட்டுத்தான் ஏறுவாராம். குதிரை என்ன நடிப்பு நடிச்சது தெரியுமா?"

தவக்காலத்தில் மதுவை விலக்கச் சொல்லிப் பங்குச் சுவாமி கண்டிப்பாகச் சொன்ன வருஷம் கள்ளுக்கு மாறினார். "கள்ளு தென்னையில இருந்து வாறது சுவாமி. மரக்கறிதானே." சுவாமி அந்தக் கதையை மேலே கொண்டுபோகவில்லை.

ஒரு வருஷம், இயேசுவாக நடித்த மேசன் வேலைக்காரப் பொடியனின் முகத்தைப் பார்த்ததும் ஏரோதுக்கு அழுகை வந்துவிட்டது. சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து கட்டிப்பிடித்தார்.

"இந்தப் பிள்ளை என்னடா பிழை செஞ்சான்? அவிழ்த்து விடுங்கடா! தம்பி, நீ வீட்டுக்குப் போ. அம்மா தேடுவா."

வேதம் அந்த இடத்தில் நின்றுபோனது. நான் திரைக்குப் பின்னால் தொண்டை கிழியக் கத்தினேன். "பிலாத்துக்கிட்ட அனுப்புங்க அண்ணே! நீங்க விட்டுட்டீங்க எண்டா எங்களுக்கு மீட்பே இல்ல!"

கடைசியில் இரண்டு சேவகர்கள் ராசகட்டளையை மீறி இயேசுவைச் சிலுவைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சனம் எழும்பி நின்று ஏரோதுக்குக் கைதட்டியது. இன்னொரு வருஷம் சிம்மாசனத்திலிருந்து விழுந்தார். எழும்ப முடியவில்லை, படுத்தபடியே நடித்தார். அந்தக் காலத்து ராசாமார் அப்படித்தான் என்று சனம் எடுத்துக்கொண்டது. மறுவருஷம் பக்கத்து ஊர் ஏரோதும் படுத்துக்கொண்டே நடித்தாராம்.

போன வருஷம் அவருடைய ஒரே மகள் ரெஜினாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. உயிர்ப்புப் பெருநாள் கழிந்து கலியாணம். நான் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் சொன்னாள்.

"அப்பா, இந்தத் தபசுகாலம் முழுக்கக் குடிக்காம இருங்க. ஏரோதாவும் குடிக்காமத்தான் நிக்கணும். இல்லாட்டி நான் சித்தப்பாட கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் கோயிலுக்குள்ள வருவன்."

"சித்தப்பாட்ட கோட்டே இல்லையே மகள்."

அவள் சிரிக்கவில்லை. ஏரோது அண்ணன் சிரித்துப் பார்த்தார், பிறகு நிறுத்திவிட்டார்.

அந்த வருஷம் தவக்காலமும் ரமழான் நோன்பும் ஒன்றாக வந்தன. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாதான் அவரைக் கையேற்றார். "நாங்க பகல் முழுக்கச் சொட்டுத் தண்ணி குடிக்கிறல்ல. நீங்க சாராயத்த மட்டும்தான் விடுறீங்க. எது லேசு, சொல்லுங்க?" குடிக்கப் போகிற நேரமும் நோன்பு திறக்கிற நேரமும் ஒன்றுதான் என்பதால், ஏரோது ஒவ்வொரு நாளும் கடை வாங்கில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நோன்பு முடிந்து நோன்புப் பெருநாளும் போன பிறகு, நானா ஒரே ஒரு ஆளுக்காகக் கஞ்சி காய்ச்சினார்.

ஒத்திகையில்தான் வில்லங்கம் தெரிந்தது. மனுஷனுக்கு வெறிகாரனாக நடிக்கத் தெரியவில்லை. பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்துக்கொண்டு நடந்தார். "வெறியில இருக்கிறவன் எப்பிடி நடப்பான் தம்பி?" என்று என்னைக் கேட்டார். முப்பது வருஷ அனுபவசாலி கேட்கிற கேள்வியா இது? என் போனில் இருந்த முந்தின வருஷத்து வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.

முழுவதையும் பார்த்தார். திரும்பப் போடச் சொல்லவில்லை.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. அங்க பின்னுக்கு, சால்வையால முகத்த மூடிக்கிட்டு நிக்கிறது ரெஜினாவா?"

"ஓம் அண்ணே."

போனை என் கையில் தந்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். அதைக் காட்டியிருக்கக் கூடாது என்று அன்றைக்கு முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

குருத்து ஞாயிறு வந்தது. ஏரோது மேடைக்கு வந்தார். கொப்பியில் இருந்த வசனம் அத்தனையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். எனக்கு வேலையே இல்லை. அப்படியொரு மோசமான நடிப்பை நான் கண்டதில்லை. "அந்தாளுக்கு ஆராவது அரைப் போத்தல் குடுங்கப்பா!" என்று சிலாபத்துச் சனம் கத்தியது. சுவாமியே பொறுக்காமல் திரைக்குப் பின்னால் வந்து, "கொஞ்சம் தள்ளாடினா நல்லம்" என்றார்.

ஏரோது திரையோரம் வந்து பணிவாகச் சொன்னார். "பழக்கமில்ல சுவாமி."

யாரும் கைதட்டவில்லை. பின்னுக்கு ரெஜினா மட்டும் சால்வையைத் தோளில் போட்டபடி, முகத்தைத் திறந்துகொண்டு நின்று தட்டினாள்.

கலியாணத்தன்று கோட்டுப் போட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரோது கோயிலுக்குள் வந்தார். என்னையும் பக்கத்தில் நடக்கச் சொல்லியிருந்தார். "மறந்தா எடுத்துக் குடு தம்பி." வசனமே இல்லாத இடத்தில் எதை எடுத்துக் கொடுக்கிறது? சரியென்று நடந்தேன். வாசலிலிருந்து நேராகத்தான் வந்தார். பீடத்துப் படியில் கால் தடக்கி ஒரு ஆட்டம் ஆடினார்.

"அந்தா, ஏரோது தொடங்கிட்டார்!" என்று வாங்குகளில் குசுகுசுப்பு எழும்பியது. ரெஜினா மட்டும் திரும்பவில்லை. அப்பாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அவர் குடித்திருக்கவில்லை. கண் நிறைந்திருந்ததில் படி தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும்தான் தெரியவில்லை.