இருபதாவது நிமிஷத்தில் சாகிறவன்

விண்வெளிப் படம் எதுவாக இருந்தாலும் சரி, ஆரம்பிப்பதற்கு முன்பே அதில் யார் முதலில் சாவார் என்று சொல்லிவிடக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கிறார். பெயர் மைக்கு. அப்பா அம்மா வைத்த பெயர் என்று வேறொன்று இருக்கத்தான் வேண்டும். அது அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

குப்பத்து மீனவர் சங்கக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நாலு திசைக்கு நாலு கூம்பு ஸ்பீக்கர்கள். கீழே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு சொம்புத் தண்ணீர். மேசைக்குப் பின்னால் ஒல்லியாக, நல்ல கறுப்பாக அவர். கடலில் காற்று பலமாக வரப்போகிறது என்றால் அவர்தான் சொல்வார். ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குள் யாரும் போகக் கூடாது. அதையும் அவர்தான் சொல்வார். ஆடு காணவில்லை, தடுப்பூசி போட நர்ஸம்மா வந்திருக்கிறார், கல்யாணப் பந்தலில் சாம்பார் தீர்ந்துவிட்டது, எல்லாம் அந்த நாலு கூம்பு வழியாகத்தான் ஊருக்குள் போகும்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. சேதியைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். எழுதியதை எழுதியபடியே, தந்தவர் பெயரோடு, ரெண்டு தடவை படிப்பார். ஒரு வார்த்தை கூட்ட மாட்டார், ஒரு வார்த்தை குறைக்க மாட்டார். ஏன் என்று கேட்டால், "காத்து சேதில ஒரு வார்த்த மாறிச்சினா ஒரு போட்டு கரைக்கு வராது தம்பி. அதுக்குப் பழகின வாயி இது. ஆட்டுக்கு ஒரு மாறி, காத்துக்கு ஒரு மாறி படிக்க நமக்கு வராது" என்பார்.

ஒரு முறை ஒருவர் கோபத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு இது. "எம் பொண்டாட்டி கோவிச்சிக்கினு அவங்கம்மா ஊட்டுக்குப் பூட்டா. நான் ஒண்ணும் தேடல. பீரோ சாவிய எங்க வெச்சானு மட்டும் சொல்லிட்டுப் போவட்டும்." மைக்கு ரெண்டு தடவை படித்தார். அம்மா வீடு இருப்பது பக்கத்து ஊரான தோணிரேவில். காற்று அந்தப் பக்கம் அடித்திருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் அந்த அம்மாள் சாவியோடும் விளக்குமாற்றோடும் வந்து இறங்கிவிட்டார்.

சங்கக் கட்டடத்தில் ஒரு டிவியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலை வேலை இல்லாதபோது, தமிழில் டப் செய்த வெளிநாட்டு விண்வெளிப் படம் ஏதாவது ஓடும். மைக்கு அதற்கும் தானே ஒரு சீட்டு எழுதிக்கொள்வார், தானே படிப்பார்.

"அன்பானவர்களே! இன்னிக்கி ரெண்டு மணிக்கி படம். அதுல கறுப்பா, நல்ல ஒடம்பா ஒர்த்தன் வரான். சிரிச்சி சிரிச்சி பேசுவான். அவன் மேல யாரும் மனச உட்டுறாதீங்க. இருவதாவது நிமிசத்துல ஒரு கதவப் புடிச்சிக்கினு, 'நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டு செத்துடுவான். சேதி தந்தவர், மைக்கு."

அதேபோல் செத்தான். வாராவாரம் செத்தான். ஊரே இருபதாவது நிமிஷத்துக்காகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு படத்தில் அந்த ஆள் இருபத்தேழு நிமிஷம் தாக்குப்பிடித்துவிட்டான். மைக்கு உடனே மைக்கைப் போட்டு, "முன்னர் அறிவித்த நேரத்தில் ஏழு நிமிடம் தாமதம் ஏற்பட்டதற்கு வருந்துகிறோம்" என்றார்.

அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "கப்பல்ல சப்ப மூக்கா ஒரு பொண்ணு இருந்தா, கம்ப்யூட்டர் தட்டறது அவதான். நம்மூரு ஆளு ஒர்த்தன் இருந்தா, கண்ணாடி போட்டுக்கினு கணக்குப் போடுவான், வாந்தி எடுப்பான். நல்ல கெரகத்து ஆளுன்னா பளபளன்னு வெளுப்பா வந்து புத்தி சொல்லுவான். கெட்ட கெரகத்து ஆளுன்னா நம்மள மாறி வருவான். ஆயிரம் வருசம் கழிச்சி நடக்கற கதைங்கறான், இது மட்டும் மாறவே இல்ல பாரு!"

"யோவ் மைக்கு, படத்த பாக்க உடுய்யா!" என்று சத்தம் போடுவார் தேசம்மா. இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குப்பத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஊர் காட்டூருக்கு மீன் கொண்டுவந்து விற்பவர். என் நைனாவை அண்ணா என்பார். அதனால் எனக்கு அத்தை.

சரி, என் கதைக்கு வருகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அப்போது நான் சினிமாவில் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று செருப்பு தேய அலைந்துகொண்டிருந்தேன். ஒரு விண்வெளி வெப் சீரிஸ் எடுக்க லைட்ஹவுஸ் குப்பத்து மணலுக்கு வந்தார்கள். எனக்கு லோக்கல் மேனேஜர் வேலை. வேலையைச் சரியாகச் செய்தால் அடுத்த படத்தில் உதவி இயக்குநர் ஆக்குவதாக டைரக்டர் சொல்லியிருந்தார். கதை இதுதான்: பூமியிலிருந்து போகிற கப்பல் ஒரு இருட்டுக் கிரகத்தில் இறங்குகிறது. கேப்டன், மும்பையிலிருந்து வந்த சிவந்த பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது, வெயிலும் தெரியாது. இரண்டுக்கும் ஆள் வைத்திருந்தார்கள். கிரகத்து அரக்கர்கள் நாற்பது பேரை உள்ளூரில் பிடித்துத் தர வேண்டியது என் பொறுப்பு.

டைரக்டர் சொன்னதை அப்படியே சீட்டில் எழுதினேன். நானும் அடுப்புக்கரி நிறம்தான். என் நைனா என்னைவிட ஒரு பிடி தூக்கல். ஆனாலும் எழுதும்போது எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

மைக்கு சீட்டை வாங்கி மனதுக்குள் படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இத நீ ஒரு தபா படிச்சிப் பாத்துட்டு குடேன்."

"எழுதுனதே நான்தாண்ணா. டைம் இல்ல, சீக்கிரம் படிண்ணா."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்தாண்ணா!"

படித்தார். "அன்பானவர்களே! படப்பிடிப்புக்கு நாற்பது ஆட்கள் தேவை. நல்ல கறுப்பு நிறம் இருக்க வேண்டும். முரட்டு முகம், பரட்டைத் தலை. பார்த்தவுடன் மனிதர் என்று தோன்றக் கூடாது. அருவருப்பாக இருந்தால் முன்னுரிமை. சிவப்பானவர்கள் வர வேண்டாம். சேதி தந்தவர், காட்டூர் முனுசாமி மகன் பாபு."

அப்புறம் ரெண்டாவது தடவையும் படித்தார்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். முதலில் வந்தவர் தேசம்மாதான். கையில் கருவாடு புரட்டுகிற குச்சி.

"டேய் பாபு, உங்க நைனா மூஞ்சி இன்னா கலருடா?"

"அத்தே, அது கதைக்கு..."

"எங்க அண்ணன் மூஞ்சியப் பாத்தா உனுக்கு மனுசன் மாறி தெர்லியா? அருவருப்பா கீதா? அடுத்த தபா மீன் எடுத்துக்கினு காட்டூருக்குப் போறப்ப, அவர் மூஞ்சியப் பாத்தே கேக்கறேன்."

நாலெழுத்துப் படித்துவிட்டான் மகன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற நைனா அவர்.

மறுநாள் காலை மணலில் கேமரா நின்றது, கேப்டன் குடைக்குள் நின்றான், அரக்கர்கள் மட்டும் ஒருவர்கூட வரவில்லை. டைரக்டர் பத்து மணிக்குச் சொல்லிவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள நாப்பது பேர் வரல, நீ அப்படியே பஸ் ஏறிடு." நான் ஓடிப்போய் மைக்குவின் முன்னால் நின்றேன். அவர் முழுக்கதையையும் கேட்டார்.

"நாப்பது பேரும் சாவறாங்களா?"

"ஆமாண்ணா."

"எத்தினியாவது நிமிசத்துல?"

"பதினெட்டுண்ணா."

"அட, இவன் இன்னா ரெண்டு நிமிசம் முன்னாடியே அட்ச்சிட்றான்!" என்றார் உண்மையான வருத்தத்தோடு. பிறகு, "தப்பு சேதி குடுத்தா, குடுத்தவன் அவன் வாயாலயே மைக்குல திருத்தணும். சங்கத்து வழக்கம். சொல்லச் சொன்னவரையும் கூட்டிக்கினு வா" என்றார்.

டைரக்டர் வந்தார். நல்ல மனிதர்தான், பாவம், தயாரிப்பாளர் பயத்தில் ரெண்டு நாள் தூங்காத கண். மைக்கு அவரை உட்காரவைத்து சுவிட்சைப் போட்டார். "சொல்லுங்க சார். உங்குளுக்கு எப்டி ஆளு வேணும்? ஊரே கேக்குது."

"அது வந்து... கொஞ்சம் வித்தியாசமா..."

வெளியிலிருந்து குரல் வந்தது. "வித்தியாசம்னா எப்டி?"

"பூமியில இருக்கறவங்க மாதிரி இல்லாம..."

"அப்ப நாங்க எங்க கீறோம்?"

டைரக்டர் சொம்புத் தண்ணீரைக் குடித்தார். மைக்கு மெதுவாக ஆரம்பித்தார். "சார், நான் படிக்காதவன். ஒரு டவுட்டு. அந்த கெரகத்துல வெயில் எப்டி?"

"வெயிலே கிடையாதுண்ணா. முழுக்க இருட்டு. அதுதான் கதையோட ஹைலைட்."

"வெயிலே இல்லியா?" மைக்கு சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். துணி மறைத்த இடம் மாநிறமாகவும், வெயில் பட்ட முழங்கை கரியாகவும் இருந்தது. "இங்க பாருங்க. இது சட்டைக்குள்ள கீற நானு. இது கடலுக்குப் போன நானு. வெயிலே பாக்காத கெரகத்துல கறுப்பு எங்க சார் வரும்? அங்க இருக்கறவன் உங்க கேப்டன் கலர்லதான் இருப்பான்!"

நாலு கூம்பிலும் இது போய்ச் சேர்ந்தது. குப்பமே சிரித்தது. மைக்கு விடவில்லை.

"பூமிலேந்து போறவங்கதான வெயில்ல காய்ஞ்சவங்க? நெஜ ராக்கெட்டு உடறப்ப மொத சேதி எங்குளுக்குத்தான் சார் வருது. வேலைய உட்டுட்டு கரைல குந்திக்கினு அது மேல போறத அண்ணாந்து பாக்கறவங்க நாங்க. உங்க படத்துல மட்டும் எங்கள ஏன் சார் ஏத்த மாட்டேங்கறீங்க?"

டைரக்டர் மைக் திறந்திருப்பதையே மறந்து, "இது சயின்ஸாச்சே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவே அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். "சரிங்க. கப்பல்ல போறவங்க நீங்க. அரக்கர்களை நான் வேற இடத்துல பாத்துக்கறேன். ஆனா கப்பல்ல யாராவது ஒருத்தர் சாகணும், இல்லாட்டி கதை நகராது."

"கேப்டன் சாவட்டும்!" என்றது தேசம்மா குரல். ஊரே கைதட்டியது. என்னவென்று புரியாத கேப்டனும் குடைக்குள்ளிருந்து சந்தோஷமாகக் கைதட்டினான்.

டைரக்டர் எழுந்து போனார். நானும் நைசாக எழுந்தேன். மைக்கு என் சட்டையைப் பிடித்தார். "அவர் திருத்திட்டாரு. சேதி குடுத்தது நீ."

உட்கார்ந்தேன். ஒரு துண்டுச் சீட்டு இல்லை, ஒரு வார்த்தை கைவசம் இல்லை. "நான் காட்டூர் முனுசாமி மகன் பாபு பேசறேன். நேத்து எழுதுனது தப்பு. அதுல எழுதுன கறுப்பு என் கறுப்புதான். எங்க நைனா கறுப்புதான். நான் எங்க நைனாவ..." அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. மைக்கு சுவிட்சை அணைத்துவிட்டு சொம்பை என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் காலை கப்பல் ஏற நாற்பது இல்லை, நூறு பேர் வந்து நின்றார்கள். கேப்டனின் பவுன்சர்களுக்கும் யூனிட்டில் சிவப்பாக இருந்த அத்தனை பேருக்கும் அரிசி மாவு நிறத்தில் பெயிண்ட் அடித்து அரக்கர்கள் ஆக்கினார்கள். கப்பலின் இன்ஜினியர் தேசம்மா. விண்வெளி உடுப்பில் அவர் நடந்து வந்தபோது அரக்கர்கள் தாமாகவே பின்வாங்கினார்கள். இன்ஜின் கோளாறு காட்சியில் அவர் இயந்திரத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். நிஜமாகவே ஒரு விளக்கு எரிந்தது. மைக்குவுக்கும் ஒரு வேஷம் தருவதாகச் சொன்னார்கள். "நான் மேல போய்ட்டா கீழ யாரு சேதி சொல்றது?" என்று மறுத்துவிட்டார்.

சீரிஸ் வந்தது, ஓடவில்லை. ஆனால் என் வேலை நிலைத்தது. அன்றைக்கு எனக்கிருந்த கவலையெல்லாம் காட்டூரைப் பற்றித்தான். படப்பிடிப்பு முடியும்வரை மூன்று நாள் வீட்டுப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் போனேன். நைனா வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தேசம்மா வந்திச்சா நைனா?" என்றேன்.

"அதுக்கு முன்னாடியே அந்த மைக்குக்காரன் வந்துட்டான். உச்சி வெயில்ல பஸ் எறங்கி, வழி கேட்டுக்கினு வந்தான்."

"இன்னா சொன்னாரு?"

"நீ எழுதுனத சொன்னான். நீ அழுததயும் சொன்னான். 'ரெண்டயும் சேத்து கேட்டுக்க, ஒண்ண மட்டும் கேட்டுக்காத'ன்னான்." நைனா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "ஊருக்கே கேக்கற கொரலுன்னு சொல்லுவாங்க. இங்க வந்து பேசறப்ப கொரலே எழும்பலடா அவனுக்கு. கிட்டக்க குந்திதான் கேட்டேன். நீ போய் கை கழுவிட்டு வா, சாப்புடலாம்."

நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மைக்குவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று மைக்குவிடமே நான் இதுவரை சொன்னதில்லை. நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.